வெளிச்சம் இருந்தால்தான் பேச்சு

என் கணவர் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு ஜல்லி கிரஷரில் வேலை பார்த்தார். அந்த இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே புரிந்துகொள்வார்கள். வீட்டிலும் நான் பேசும்போது என் முகத்தையேதான் பார்ப்பார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒருநாள் சாயங்காலம் சாதம் வடிக்கும்போது கரன்ட் போய்விட்டது. கை தவறி, கொதிக்கிற கஞ்சி தரையெல்லாம் கொட்டியது. அவர் எழுந்து வருவது தெரிந்து, "கஞ்சி கொட்டிடுச்சு, வராதீங்க!" என்று அலறினேன். நேராக வந்து அதிலேயே காலை வைத்தார்.

கிளினிக்கில் மருந்து போட்ட டாக்டரம்மாவிடம், "அவ்ளோ கத்தியும் வேணும்னே வந்து மிதிச்சாருங்க" என்று குறைப்பட்டுக்கொண்டேன். டாக்டரம்மா சற்று யோசித்து, ஒரு அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு, "உங்க பேர் என்னங்க?" என்று இவரிடம் கேட்டார். இவர் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"மெஷின் சத்தத்துல காது நரம்பு போயிருக்கும்மா. இனிமே திரும்பாது" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் இவர், "தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னுதான் சொல்லல" என்றார்.

இப்போதெல்லாம் கரன்ட் போனால் நான் அவரைக் கூப்பிடுவதில்லை. விளக்கை ஏற்றி என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் பேசுகிறேன். அதை அணைத்த பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.