ஐந்து நாள் நிழல்

பன்னிரண்டாம் வகுப்பில் நான் காமர்ஸ் படித்தவள். வானியற்பியலுக்கு விண்ணப்பித்தபோது, நேராக முதலாண்டில் சேர்க்க முடியாது, ஒரு வருடம் ஃபவுண்டேஷன் படித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். கணக்கும் இயற்பியலும் அடியிலிருந்து. எல்லாத் தாளிலும் தேற வேண்டும், செய்முறைப் பதிவேடு உட்பட. ஒன்று போனாலும் முதலாண்டு கிடையாது.

அப்போது பாப்பாவுக்கு இரண்டு வயது. அவள் வயிற்றில் இருந்தபோது அசையாமல் படுத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். பொழுது போகாமல் போனில் நட்சத்திரங்களைப் பற்றிய பாடங்களைக் கேட்க ஆரம்பித்தேன். அது ஆசையா, படுத்துக் கிடந்தவளின் சலிப்பா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. கணவர் தடுக்கவில்லை. "படிக்கிறது படி. ஆனா புள்ளய வுட்டுட்டுப் படிக்காத" என்றார். மருந்துக் கம்பெனியில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. பகலில் வீட்டில் இருப்பது நானும் பாப்பாவும், ஜாக்கெட் தைக்கும் அவருடைய அக்காவும்தான். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

ஏப்ரலில் படிப்பு விடுமுறை விட்டபோது கடைசிச் செய்முறையைக் கொடுத்தார்கள். ஒரு மீட்டர் கம்பை மொட்டை மாடியில் செங்குத்தாக நட்டு, முப்பது நாளைக்கு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அதன் நிழலை அளந்து எழுத வேண்டும். பெயின்ட் வாளியில் சிமென்ட் ஊற்றி ஒரு பிளாஸ்டிக் பைப்பை நட்டேன். முதலியார்பேட்டையில் உச்சி சரியாகப் பன்னிரண்டுக்கு வருவதில்லை, பத்து நிமிடம் தள்ளித்தான் வரும். பாப்பாவுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைக்கிற நேரமும் அதுதான்.

நிழல் வடக்குப் பக்கம் விழுந்து நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்தது. ஏப்ரல் பாதிக்கு மேல் ஒரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று கம்புக்கு நிழலே இருக்காது. மறுநாளிலிருந்து தெற்குப் பக்கம் விழுந்து வளரும்.

"இன்னிக்கி எவ்ளோம்மா?" என்று மெஷினை நிறுத்தாமல் கேட்பார் அண்ணி.

"மூணு சென்டிமீட்டர், அண்ணி."

"எளச்சிக்கிட்டே போவுதே, சோறு போட்டியா இல்லியா?"

நிழல் இல்லாமல் போகிற அந்த நாள் வந்தது. அண்ணி ஜாக்கெட் கொடுக்க அரியாங்குப்பம் போயிருந்தார். பாப்பா தூங்கிவிட்டாள் என்று நினைத்து மேலே போனேன். படிக்கட்டுக் கதவைச் சாத்தினேன். தாழ் போட்டேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் வரவில்லை. வழக்கமாக இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுவேன். அன்று மண்டியிட்டு உட்கார்ந்து, பைப்பின் காலடியில் நிழல் கரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நிமிடங்கள் குறைவு.

பின்னால் வீறிட்ட சத்தம் கேட்டுத் திரும்பினேன். பாப்பா செருப்பில்லாமல் மாடியின் நடுவில் நின்றிருந்தாள். ஓடத் தெரியாமல் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தாள். இரண்டு பாதங்களிலும் கொப்புளம்.

கணவர் திட்டவில்லை. "நீ எங்க இருந்த?" என்று மட்டும் கேட்டார். மாடியில் என்றேன்.

அடுத்த ஐந்து நாள் நான் மாடிக்குப் போகவில்லை. கட்டு மாற்ற ஆஸ்பத்திரி, மற்ற நேரமெல்லாம் பாப்பா மடியில். ஆறாம் நாள் அண்ணி அவளைப் பிடித்துக்கொள்ள, மேலே போய் அளந்தேன். கீழே வந்து நோட்டைத் திறந்தால் ஐந்து கட்டங்கள் காலியாக இருந்தன. பார்க்கவே பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே வீட்டுப்பாடத்தில் ஒரு வரிகூட விடாதவள் நான். ஃபவுண்டேஷனில் சொல்லிக் கொடுத்த கணக்கு கையில் இருந்தது. அந்தச் சமயத்தில் நிழல் நாளுக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர வேண்டும். கணக்குப் போட்டு ஐந்தையும் நிரப்பினேன்.

செய்முறைக்கான வாய்மொழித் தேர்வில் இயற்பியல் மேடம் நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது.

"மத்த நாளெல்லாம் உங்க கை நடுங்கியிருக்கும்மா. ஒரு நாள் அளவு கொஞ்சம் ஏறியிருக்கு, ஒரு நாள் கொறஞ்சிருக்கு. இந்த அஞ்சு நாளு மட்டும் நடுங்கவே இல்லியே?"

மேடம் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"இதுல ரெண்டாம் நாளு மத்தியானம் ஊரே இருட்டிக்கிட்டுத் தூறல் போட்டுச்சே. உங்க வீட்டுக்கு மட்டும் வெயில் வந்துச்சா?"

அந்த மத்தியானம் கட்டு மாற்றும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து வானம் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். குழந்தையின் கொப்புளத்தைக் காட்டி மார்க் கேட்பது போல ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இப்படிப்பட்ட தாய்க்குப் படிப்பு எதற்கு என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. எது பெரிய காரணம் என்று தெரியவில்லை.

"கணக்குப் போட்டு நிரப்புனீங்களா?"

"ஆமா மேடம்."

"ஏம்மா, காலியா வுட்டுருக்கலாமே. அஞ்சு நாள் இல்லன்னா என்ன? பாஸ் போட்டுருப்பேன்." அவர் குரலில் கோபமே இல்லை. "இப்ப மத்த இருபத்தஞ்சு நாளையும் நான் எப்படி நம்பறது?"

அந்த இருபத்தைந்தும் உண்மை. அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பதிவேடு ரத்தானது. கூடப் படித்தவர்கள் முதலாண்டுக்குப் போனார்கள். கணவர் "என்னா செய்யப் போற?" என்றார். இன்னொரு வருடம் படிக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம்" என்றார். சம்மதமா, வெறுப்பா, கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

மறுபடியும் ஃபவுண்டேஷனில் சேர ஒரு படிவம் கொடுத்தார்கள். திரும்பப் படிப்பதற்கான காரணம் என்று ஒரு வரி இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். குழந்தைக்கு உடல்நிலை சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அலுவலகத்து அம்மா படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். "கல்யாணமான புள்ளைங்க எல்லாம் இதத்தாம்மா எழுதுதுங்க" என்றார்.

அது இல்லை காரணம் என்று நான் திருத்தவில்லை. அவர் படிவத்தை அடுக்கில் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.