நான்காம் பத்தியை எடுத்துவிடவும்

'என் வாழ்க்கைக் குறிப்பில் நான்காம் பத்தியை எடுத்துவிடவும். - ஜெயசீலன்.'

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். தேதி தானாகவே வந்துவிட்டது. இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் பிடிக்கும்.

எங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். தேதி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழும். வழக்கமாக ஆள் போன பிறகுதான் கூப்பிடுவார்கள். ஃபவுண்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜெயசீலன் அண்ணன் முன்கூட்டியே எழுதச் சொன்னார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பியிருந்தார்கள்.

நான்காம் பத்தியில் அப்படி என்ன? அவர் செய்த நற்கிரியைதான். சனிக்கிழமைதோறும் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ் ஏறி, கோவையில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவார். பல வருடங்கள். விசாரித்துத்தான் எழுதியிருந்தேன்.

நேரில் போய்க் கேட்டேன்.

"பெட்டிக்குப் பக்கத்துல நின்னு அதைப் படிச்சா, ஆண்டவர்கிட்ட பில்லை நீட்டற மாதிரி இருக்குமுங்க தம்பி."

"நடந்ததுதானேண்ணா?"

"நடந்ததுங்க. ஆனா சோத்துப் போசியைத் தூக்கறப்பெல்லாம் இது பரலோகத்துல நம்ம கணக்குல ஏறுதுன்னு ஒரு நெனப்பு. சோறு போட்டதைவிட அதை எண்ணிப் பார்த்ததுதான் ஜாஸ்தி. இப்ப அதைக் கொண்டு போனா வாசல்லயே நிறுத்திருவாங்களோன்னு... தூக்கமே வர்றதில்லீங்க. கிருபையை மட்டும் நம்பி வெறுங்கையோட போயர்றேன்."

மனிதனை இரட்சிப்பது விசுவாசமா, கிரியையா... அப்போஸ்தலர்களே ஆளுக்கொரு பக்கம் அழுத்திச் சொன்ன விஷயம்.

சமையலறை வாசலில் அவர் மனைவி எஸ்தர் அக்கா நின்றிருந்தார்.

"ஏனுங்க, நீங்க தாராளமா வெறுங்கையோட போங்க. அந்தச் சோத்தை ஆக்குனது நானு. வெங்காயம் உரிச்சதும் நானு. நீங்க பஸ்ஸுல கொண்டுபோனீங்க, அவ்வளவுதான். என்ற சோத்தை எதுக்கு அடிச்சுப்போடச் சொல்றீங்க?"

அண்ணன் கட்டிலில் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"நீ எண்ணலியா அம்மணி?"

"எண்ணறதுக்கு எங்கீங்க நேரம்? எட்டரை பஸ்ஸுக்குள்ள சோறு வடிக்கோணும்."

"அப்ப... என்ற பேருல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லீங்க. நிம்மதியாத் தூங்குங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அக்கா முதுகைத் தடவிவிட்டு, கஞ்சி கொண்டுவந்தார். முழுத் தம்ளரையும் குடித்துவிட்டு, நான் அங்கே இருக்கும்போதே கண்ணயர்ந்தார்.

கொஞ்ச நாளில் இறந்துபோனார். அடக்க ஆராதனையில் நான்காம் பத்தி இப்படி வாசிக்கப்பட்டது: 'மனைவி எஸ்தர் சமைத்த உணவை, பசித்தவர்களிடம் கொண்டுசேர்த்தார்.' முன்வரிசையில் அக்கா தலையை ஆட்டினார். சரி என்பதுபோல.

கடைசி வரி அண்ணன் கேட்டுச் சேர்த்தது: 'கிருபையினால் இரட்சிக்கப்பட்டார்.'

உறுதியாகாத தகவலின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பது என் பழக்கம். ஞானஸ்நானத் தேதியைச் சபைப் பதிவேட்டில் பார்த்தேன், கேள்விக்குறியை அழித்தேன். திருமணத் தேதியையும் அப்படியே. என் பிரதியில் இப்போது ஒரே ஒரு கேள்விக்குறி மிச்சம் இருக்கிறது, அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில்.

இதுவரை சரிபார்க்கப்படவில்லை. வரியை நான் அடிக்கவும் இல்லை.