மூலை அடைப்பானுக்கு ஒரு 'யெஸ்'

ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடமாகியும் எனக்கு நல்ல வேலை ஒன்று அகப்படவில்லை. போன இடமெல்லாம் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலை மட்டும் கொஞ்சம் இரங்கியது. இயந்திரப் பராமரிப்பில் உதவியாளாகச் சேர்க்கலாம், இந்த நாட்டவர் ஒருவரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி வா என்றார்கள். அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் நீராவி ரயிலுக்குத் தொண்டனானேன். பழமையின் மீது காதல் என்று பிற்காலத்தில் பலரிடம் அளந்திருக்கிறேன்.

ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை. ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் சிலர் சனிக்கிழமைகளில் அங்கே ஒரு பழைய கரிக்கோச்சி எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார்கள். சம்பளம் கிடையாது. படிவத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில் 'ரெயில்வே, பத்து வருடம்' என்று எழுதினேன். பொய்யில்லை. பத்து வருடம் ஊர் ஸ்ரேசனில் யன்னலுக்குப் பின்னால் இருந்து ரிக்கற்றில் திகதி குத்திக் கொடுத்தவன் நான். "நீராவி எஞ்சினிலா?" என்று பொறுப்பாளர் ஆவலோடு கேட்டார். நான் வேலையில் சேர்ந்தபோது ஊரில் கரிக்கோச்சியே ஓடவில்லை. ஆனாலும் என் வாய் சும்மா கிடக்காமல் "அதேதான்" என்றது.

வோபர்னில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கக்கூட இல்லை.

"குசினிப் பைப் ஒரு மாசமா ஒழுகுது. உந்தப் பைப்பைப் பூட்டத் தெரியாத நீங்கள் கோச்சி திருத்தப் போறியளோ?"

"கடிதம் கிடைக்கும் மட்டும்தானே. சமாளிப்பன்."

கொட்டகையில் யாராவது ஸ்பனர் கேட்டால் மூன்றை ஒன்றாக நீட்டுவேன். வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். மற்ற நேரம் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை இடுக்கிப் பார்த்து 'ம்' என்பேன். அந்த 'ம்'முக்கு அங்கே நல்ல மரியாதை இருந்தது.

ஏப்ரலில் கொதிகலனைக் கழுவினோம். அடியில் உள்ள துவாரங்களின் அடைப்பான்களைக் கழற்றி, உள்ளே படிந்த ஊத்தையைத் தண்ணீர் அடித்து வெளியேற்றி, மறுபடி அவற்றைப் பூட்டித் தண்ணீர் நிரப்ப வேண்டும். அனுபவசாலி என்று மூலை அடைப்பானை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் அதன் மரையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மேலே ரப்பர் குழாயோடு நின்ற பொறுப்பாளர் ஆங்கிலத்தில் கேட்டார்: "மூலை அடைப்பானை நீ இன்னும் பூட்டவில்லையா?"

"யெஸ்" என்றேன்.

எங்கள் ஆட்கள் "இன்னும் சாப்பிடேல்லையோ?" என்று கேட்டால் "ஓம்" என்போம். ஓம், சாப்பிடவில்லை. நானும் ஓம், பூட்டவில்லை என்றுதான் சொன்னேன். ஆங்கிலக் காதில் அது பூட்டிவிட்டேன் என்று விழும் என்பது எனக்குத் தெரியாது. அவர் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்கக் கீழே வந்து, சரியாக அந்த மூலையில் குனிந்தார். ஐஸ் தண்ணீரும் சேறும் அவருடைய கழுத்துக்குள்ளால் இறங்கின. நான் அடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு முழுசினேன்.

கடிதம் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. நடுங்கிக்கொண்டே மற்றவர்களிடம் சொன்னார்: "இவன் பத்து வருடம் நீராவியில் நின்றவன். நான்தான் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டேன்."

அது என்னைச் சுட்டுவிட்டது. ஏசியிருந்தால் இன்னும் நாலு புளுகு அவிழ்த்துத் தப்பியிருப்பேன். "நான் ரிக்கற் விற்றவன். நீராவி எஞ்சினை இங்கேதான் முதன்முதல் தொட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கடிதத்துக்காக வந்ததையும் சொன்னேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வரப் பார்த்தது. அவர் முகத்தைத் துடைத்துவிட்டு அடைப்பானை வாங்கி, எப்படிப் பிடிப்பது என்று காட்டித் திருப்பித் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை கடிதம் தந்தார். மூன்றே வரி. 'இவருக்கு இயந்திரம் தெரியாது. அதை இவரே சொல்வார். எப்படி என்று காட்டினால் செய்வார்.'

மனைவி இரண்டு தரம் வாசித்தாள்.

"உது நல்லதோ, கூடாததோ?"

"எனக்கும் விளங்கேல்லை."

வேறு கடிதம் இல்லாதபடியால் அதையே ஒஷாவாவில் கொடுத்தேன். வேலை தந்தார்கள்.

"கடிதமும் கிடைச்சிட்டுது, வேலையும் கிடைச்சிட்டுது. பிறகும் ஏன் சனிக்கிழமையில அங்கை ஓடுறியள்?" என்று மனைவி கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பினேன். இந்த ஊரில், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஒளிக்காமல் நான் நிற்கக்கூடிய இடம் அந்தக் கொட்டகை ஒன்றுதான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.