நெருங்கி நில்லுங்கப்பா

கயானாவின் கொரண்டைன் கரையில் வாழ்நாளெல்லாம் மினிபஸ் ஓட்டியவர் சுபான் பாக்கஸ். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேரைத் திணிப்பதில் மன்னர். வண்டியை விற்ற பிறகாவது அந்தப் புத்தி போனதா? எங்கே! வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் வரிசை சேரும்போது இமாமுக்கு முன்னாலேயே இவர் குரல் கிளம்பிவிடும்.

"நெருங்கி நில்லுங்கப்பா! தோளோட தோள் ஒட்டணும். இடம் விட்டா ஷைத்தான் உள்ள பூந்துடுவான்!"

"இன்னும் ரெண்டு பேர் ஏத்திக்கலாமா சாச்சா?" என்பான் மீன்காரன் இன்ஷான்.

உண்மையில் ஷைத்தானோடு அவருக்குப் பெரிய பகை ஒன்றும் இல்லை. கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் தோள் முட்டுக் கொடுக்காவிட்டால், குனிந்து நிமிர்வதற்குள் ஐயா தரையில் கிடப்பார். நாற்காலியில் உட்கார்ந்து தொழச் சொன்னார் டாக்டர். நாற்காலி போடுவது சுவரோரத்தில். ஊரையே ஒட்டி நிற்கச் சொன்னவன் ஓரத்தில் தனியாகவா? அதற்குப் பள்ளிக்கே வராமல் இருக்கலாம். 'மார்க்கத்தைச் சொல்லி ஓசியில் ஊன்றுகோல் பிடித்த கெட்டிக்காரனடா நீ' என்று தன்னையே மெச்சிக்கொள்வார்.

அன்று தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யக் குழாயடியில் குந்தியிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஷானும் தையல்காரன் நஸ்ருலும் சண்டை போடுவது கேட்டது.

"இன்னிக்கு இடது பக்கம் நீ நில்லுடா. போன வாரம் நான் தாங்குனேன், இன்னும் தோள் வலிக்குது. சாச்சா என்ன லேசுப்பட்ட கனமா!"

"மெதுவாப் பேசு. தெரிஞ்சுதுன்னா மனுஷன் அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டாரு."

சுபானுக்கு முகம் சுட்டது. ஊரை ஏமாற்றுவதாக நினைத்திருந்தால், ஊரல்லவா இவரை ஏமாற்றித் தாங்கியிருக்கிறது! வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமென்று செருப்பில் காலை நுழைத்துவிட்டார். அதற்குள் உள்ளே, தொழுகைக்கு வரிசையில் எழுந்து நிற்க அழைக்கும் இகாமத் சொல்லத் தொடங்கினார்கள். செருப்பைக் கழற்றினார்.

வரிசை நடுவே இருவருக்கும் இடையில் ஓர் ஆள் இடம் காலியாகவே இருந்தது. போய் நின்றார்.

"என்ன சாச்சா, இன்னிக்கு ஹாரன் அடிக்கலயா?" என்றான் இன்ஷான்.

சுபான் தொண்டையைச் செருமினார்.

"நெருங்கி நில்லுங்கப்பா. ஷைத்தான் கெடக்குறான். எனக்கு முட்டி சரியில்ல."

வரிசை மொத்தமும் நகர்ந்து ஒட்டியது.