தண்டை இறுகிய கால்

இன்றும் யாராவது ஒரு குழந்தையைத் தூக்கி, "நல்லா கொழுகொழுன்னு இருக்கே" என்று கொஞ்சினால் என் கை தானாக அந்தக் குழந்தையின் காலைத் தொட்டு அழுத்திப் பார்க்கும். பெற்றவள் முறைப்பாள். முறைத்துவிட்டுப் போகட்டும்.

அப்போது நாங்கள் மேலகரத்தில் இருந்தோம். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில், அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அப்பாவின் தொழில். சாரல் நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் பாதி நின்றுவிடும். அறுபதுகளின் நடுவில் அரிசி விலை ஏறிய ஏற்றத்தில் சாரல் காலத்திலேயே சோறு காணாமல் போனது. பருப்பு அதற்கும் முன்பே போயிருந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து கூடை கூடையாக வந்த மரவள்ளி, எங்கள் பேச்சில் மரச்சீனிக்கிழங்கு, ஒன்றுதான் மலிவு. காலையில் அவித்த கிழங்கு, இரவில் உப்பும் மிளகாயும் சேர்த்து மசித்த கிழங்கு. வயிறு நிரம்பியது. பிள்ளைகளைப் பட்டினி போடவில்லை என்று அம்மாவுக்கு உள்ளூரப் பெருமை.

என் தங்கச்சிக்கு இரண்டு வயது. அந்த மாதங்களில் அவளுக்குக் கன்னம் உப்பியது, கைகால் திரண்டது, முடி செம்பட்டையானது. வெள்ளைக்காரப் பிள்ளை என்று தெருவே கொஞ்சியது. ஆனால் அவள் சிரிப்பதை விட்டிருந்தாள். வைத்த இடத்தில் உட்கார்ந்து சிணுங்கிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வீட்டு அக்கா கோழி வளர்த்தாள். நான் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போனால் சும்மா விடமாட்டாள். அவித்த முட்டையில் ஒரு துண்டாவது வாயில் வைத்துத்தான் அனுப்புவாள். ஒருநாள் வாசலில் நின்றே கேட்டுவிட்டாள்:

"ஏட்டி, ஒம் மவ என்னமா கொழுகொழுன்னு இருக்கா! அப்படி என்னத்தக் குடுக்க?"

அம்மா முகம் செத்துப் போனது. அன்று மாலையே தங்கச்சிக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். எங்களில் ஒருவருக்கும் தும்மல் வரவில்லை.

"பாத்தியா, நெடியே வரல. அவ கண்ணுதான் பட்டுட்டு. இனி அங்கன பிள்ளையக் கொண்டுபோனா, கால ஒடிச்சிருவேன்."

தங்கச்சி உள்ளறைக்குள் அடைபட்டாள். கன்னத்தில் மைப்பொட்டு பெரிதானது. அவளுக்குக் கிடைத்துவந்த அந்த முட்டைத் துண்டும் நின்றுபோனது. அதை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

உப்பல் நிற்கவில்லை. கண்கள் கோடாகிவிட்டன. காலில் கிடந்த வெள்ளித் தண்டை இறுகிக்கொண்டே வந்ததால் அம்மா எண்ணெய் தடவி, அதன் வாயை விரித்துக் கழற்றினாள். தண்டை வந்துவிட்டது, தண்டை பதிந்த பள்ளம் போகவில்லை. அம்மா பெருவிரலால் அதற்கு மேலே அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும், பிசைந்த மாவில் அழுத்தியது போல, குழி அப்படியே இருந்தது. தங்கச்சி அழக்கூட இல்லை. நான் பயத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அவளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "என்னம்மா குடுக்கிறீங்க?"

"கிழங்குதான்யா. வயிறு நெறையத்தான் திங்கா."

"வயிறு நிறைஞ்சா ஆச்சா? இது சதை இல்லம்மா, நீர். பருப்பு, முட்டை, பால் வேணும். இல்லன்னா பிள்ளை தங்காது."

"அதுக்கு வழியிருந்தா நாங்க ஏன்யா கிழங்கு வாங்குதோம்?"

அவர் தங்கச்சியை வார்டில் சேர்த்தார். அங்கே பால்பொடி கரைத்துக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. வடிய வடிய எங்களுக்குப் பயம்தான் கூடியது. கன்னம் போனது, கை போனது. கடைசியில் ஒரு கைக்குழந்தை அளவுக்கு எலும்பும் தோலும் மிஞ்சியது. தெரு கொஞ்சியதெல்லாம் தண்ணீரைத்தான்.

பிழைத்துக்கொள்வாள், ஆனால் வீட்டிலும் சத்தாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா எங்கள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அக்காவின் வாசலுக்குப் போய், பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை விலக்கினாள்.

"பாருங்கக்கா. நல்லாப் பாருங்க."

அக்கா பார்த்தாள். உள்ளே போய் முட்டையை அவித்து எடுத்துவந்து, ஒரு துண்டு பிட்டு வாயருகே நீட்டினாள். தங்கச்சி வாயைத் திறக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.