லூசியம்மாவின் கொடியில் இரண்டு மலைகள்

டிசம்பர் தொடக்கத்தில் மூன்று நாள் லீவு கிடைத்தது. பூநாரை பார்க்கலாம் என்று கொழும்பிலிருந்து மன்னாருக்கு பஸ் ஏறினேன். இரண்டு நாளும் மழை. ஒரு பூநாரைகூடக் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் சும்மா இருக்கப் பிடிக்காமல், தெற்கே கடலோரத்தில் அரிப்பு என்ற ஊருக்குப் போய்வர எட்டாயிரம் ரூபாய்க்கு ஓட்டோ பேசினேன். ஓட்டுநர் மரியதாஸ் என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர்.

அரிப்புக்கு முன்னாலுள்ள ஒரு கடலோரக் கிராமத்தில் (பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்) சின்னக் கோயிலின் முன் சனம் கூடி நின்றது. கண் பார்வைக்காக மன்றாடப்படும் புனித லூசியாவின் திருவிழாவுக்கு அன்று மாலை ஐந்து மணிக்குக் கொடியேற்றம். ஆனால் எல்லோரும் மேசையில் கிடந்த ஒரு துணியைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார்கள். நீலத் துணி. நடுவில் வெள்ளை விளிம்போடு கறுப்பு முக்கோணம், அதன் அடியில் மஞ்சள் முக்கோணம். புனிதையின் படமும் இல்லை, அவர் தட்டில் ஏந்தும் இரு கண்களும் இல்லை. ஏதோ கட்சிக் கொடியாக்கும் என்று நினைத்தேன்.

மரியதாஸ் விசாரித்து வந்து சொன்னார். கடலில் தூண்டில் முள் பட்டு அருளப்பு என்பவரின் வலக்கண் பார்வை போய்விட்டதாம். சத்திரசிகிச்சையில் பார்வை திரும்பினால் இந்த வருடக் கொடி தன்னுடையது என்று அவர் மனைவி யசிந்தா நேர்ந்திருக்கிறார். பார்வையும் திரும்பிவிட்டதாம். கனடாவிலுள்ள தங்கை இணையத்தில் ‘செயின்ட் லூசியா கொடி’ என்று தேடி வாங்கி அனுப்பியது அன்று மதியம்தான் வந்து சேர்ந்ததாம்.

கைபேசியில் தேடினேன். என் குழப்பம் இரட்டித்தது. கரீபியன் கடலில் செயின்ட் லூசியா என்று ஒரு நாடே இருக்கிறது. புனிதையின் திருநாளில் பிரெஞ்சு மாலுமிகள் அங்கே கரையொதுங்கியதால் வந்த பெயர் என்று ஒரு கதை. அறுபதுகளில், பிரித்தானியரிடம் தன்னாட்சி பெற்றபோது, அத்தீவின் ஓவியர் ஒருவர் வரைந்த கொடி இது. நீலம் கடலும் வானமும், மஞ்சள் வெயில், கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து வாழும் இரண்டு இனத்தார். முக்கோணங்கள், கடலிலிருந்து எழும் இரட்டை மலைகள்.

இதை உரக்க வாசித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யசிந்தாவின் முகம் வாடிப்போனது.

“அப்ப என்ர நேர்த்தி தீராதோ?”

கோயில் மூப்பருக்கு வேறு கவலை. “வேற நாட்டுக் கொடியை ஏத்தினா, ஆமிக்காரன் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?” போன வருடக் கொடியையே ஏற்றுவோம் என்றார். யசிந்தா துணியை மடிக்கத் தொடங்கினார்.

அதுவரை ஒதுங்கி நின்ற அருளப்பு அதை வாங்கி, இரண்டு பேரை விரித்துப் பிடிக்கச் சொன்னார். மதில்வரை பின்னால் போய், நல்ல கண்ணான இடக்கண்ணைக் கையால் பொத்தினார்.

“நீலம். கறுப்பு. கீழ மஞ்சள்.” கண்ணைச் சுருக்கினார். “கறுப்பைச் சுத்தி மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு.”

யசிந்தா அழுதுவிட்டார். மூப்பர் கொடியையும் அருளப்புவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏத்துங்கோ. கேட்டா நான் சொல்லுறன்.”

என்ன சொல்வார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

போக நினைப்பவர்களுக்கு: மன்னாரிலிருந்து அரிப்பு ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர். டிசம்பரில் குடை இல்லாமல் போகாதீர்கள். பூநாரைக்கு உத்தரவாதம் இல்லை. கோயிலடியில் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பதின்மூன்றாம் திகதித் திருவிழா முடியும்வரை கொடி பறக்கும். செயின்ட் லூசியா நாட்டுக்காரர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் என்னைப்போலக் குழம்ப வேண்டாம். அந்தக் கொடிக்கு அங்கே ஒரே அர்த்தம்தான்: அருளப்புவுக்குக் கண் தெரிகிறது.