பிளக்கைப் பிடித்தவர்

தொண்ணூறுகளில் பி.எட். பயிற்சிக்காக உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனேன். அங்கிருந்த பியூன் மெலிந்தவர். வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார்.

தேர்வாளர் முன்னால் நான் புரொஜெக்டரில் பாடம் நடத்திய நாளில், அவர் சுவரோரம் அசையாமல் நின்றார். பிள்ளைகளின் கவனம் கலைந்தது. “வெளியே போங்க” என்று எரிந்து விழுந்தேன். அவர் போனார், திரையில் படமும் போனது.

இருட்டிலும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே திரும்பி வந்தார்.

“பிளக்கு லூசாக்கும் டீச்சரே. கைய எடுத்தா வெளிச்சம் போயிரும். நீங்க பாடம் எடுங்க, நான் பிடிச்சிட்டு நிக்கேன்.”

பாடம் முடிந்ததும் தேர்வாளர், “மெஷினை நல்லா கையாளுறீங்க” என்றார். “நன்றி சார்” என்றேன்.

இன்றும் கூசுகிறது. போதும் என்று நான் சொல்லாததால், அவர் அப்போதும் பிளக்கைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.